சுற்றுலா செல்லும் நம்மிடமிருந்தே உதிரும் நுண்நெகிழி: மன்னார் வளைகுடாக் கரையில் இதைப் பள்ளி அளவில் கணக்கிட முடியுமா?

கேள்வி: பசுமைப் படை ஆசிரியை, இராமநாதபுரம் மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். கடலோர ஊர் ஒன்றில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். தேசிய பசுமைப் படை மாணவர்களை ஆண்டுக்கு இரண்டு முறை கடற்கரைக்கும் அலையாத்திக் காட்டுக்கும் அழைத்துச் செல்லும் பொறுப்பு என்னிடம் உள்ளது. சென்ற பயணத்தில், கரையில் கிடந்த புட்டிகள், உறைகள், அறுந்த வலைத் துண்டுகள் ஆகியவற்றை வழக்கம்போல் பொறுக்கி முடித்த பிறகு, கடைசியாக அலை ஏறி நின்ற கோட்டிலிருந்து இரண்டு கைப்பிடி மணலை எடுத்து, வெள்ளைத் தட்டில் பரப்பி, கைக்கண்ணாடியால் பார்க்கச் சொன்னேன். நீலமும் பச்சையுமாக வலை நூல் துணுக்குகள் இருக்கும் என்று எதிர்பார்த்தேன், இருந்தன. நான் எதிர்பாராதது, செம்மஞ்சள் நிறத்தில் கிடந்த மெல்லிய இழைகள். அன்று காலை படகில் நாங்கள் அணிந்திருந்த உயிர்காப்பு அங்கிகளின் பட்டையும் அதே நிறம். அந்தப் பட்டைகள் வெயிலில் வெளுத்து, விரலால் தேய்த்தாலே பொடியாக உதிரும் நிலையில் இருந்ததை எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்திதான் சுட்டிக்காட்டினாள்.

நிறம் ஒத்திருப்பது மட்டும் சான்றாகாது என்பதை அறிவேன். இருந்தாலும் குப்பை பொறுக்கச் சென்ற நாங்களே எதையோ உதிர்த்துவிட்டு வந்தோமோ என்ற ஐயம் அன்றிலிருந்து விலகவில்லை. எதையும் வீசி எறியாமல், ஒழுங்காகச் சென்று திரும்பும் பயணியிடமிருந்தும் பொருட்படுத்தத்தக்க அளவில் நுண்நெகிழி உதிர்கிறதா? பள்ளியில் இருக்கும் கருவிகளைக் கொண்டு இதை அளக்க வழி உண்டா? தை மாதப் பயணத்துக்கு முன் நாங்கள் எதையெதை மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் அறிந்தவர்கள் கூறினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: கடலுயிரியல் ஆய்வு மாணவர், மண்டபம்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் மாணவி கவனித்தது சரியான இடத்தைத்தான். சுற்றுலாவையும் நெகிழியையும் சேர்த்துப் பேசும்போது நாம் பெரும்பாலும் வீசப்படும் குப்பையைப் பற்றியே பேசுகிறோம். தேய்மானம் வேறு கணக்கு. 5 மில்லிமீட்டருக்குக் குறைவான துகளை நுண்நெகிழி என்கிறோம். 2004இல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் தாம்சன் குழுவினரின் கட்டுரைக்குப் பிறகுதான் இச்சொல் பரவலாயிற்று. அந்த அளவுக்குச் சிறிதான ஒன்று உருவாக யாரும் எதையும் எறிய வேண்டியதில்லை; செருப்பின் அடிப்பாகம் மணலில் உரசுவதும், பாலியெஸ்டர் சட்டை முதுகுப்பையின் பட்டையில் உரசுவதும் போதும்.

இதற்கு வெளிநாட்டில் நல்ல சான்றுகள் உள்ளன. எவரெஸ்ட் சிகரத்தில் 8,440 மீட்டர் உயரத்தில் எடுத்த பனியிலும் நுண்நெகிழி இருந்ததை 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. கிடைத்தவற்றில் பெரும்பான்மை பாலியெஸ்டர் இழைகள், அதாவது மலையேறுபவர்களின் உடையும் கூடாரமும் கயிறும் எவற்றால் ஆனவையோ அவை. மக்கள் அதிகம் கூடும் அடிவார முகாமில்தான் அளவும் மிகுந்திருந்தது. இன்னொன்று, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து அடிரோண்டாக் மலைப்பகுதியில் இரண்டு ஏரிகளை ஒப்பிட்ட ஆய்வு. ஹட்சன் ஆற்றின் தலைநீராகக் கருதப்படும் ஏரியின் ஓரமாக மலையேற்றப் பாதை செல்கிறது. மற்றதற்குப் பாதை இல்லை. மனிதர் போவது அரிது. முதல் ஏரியில் துகள்களின் எண்ணிக்கை மற்றதைப் போல் ஏறத்தாழ 23 மடங்கு இருந்தது. இரண்டிலும் பெய்வது ஒரே மழை, வீசுவது ஒரே காற்று என்பதால், வேறுபாட்டுக்குக் காரணம் நடப்பவர்களின் காலணியும் உடையுமே என்று ஆய்வாளர்கள் கருதினர். இரண்டே ஏரிகளை வைத்து முடிவு கட்டுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆயினும் ஒப்பிட்ட முறை நமக்குப் பயன்படும்.

இனி நம் கரைக்கு வருவோம். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் 21 தீவுகளோடு 560 சதுர கிலோமீட்டர் பரப்பில் அறிவிக்கப்பட்டது; அவற்றுள் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் பின்னர் நீருக்குள் போய்விட்டன. பெரும்பாலான தீவுகளில் பொதுமக்கள் கால் வைக்க முடியாது. எனவே பயணிகளின் நடமாட்டம் வளைகுடாவிலும் வடக்கே பாக் விரிகுடாவிலும் உள்ள குந்துகால், அரியமான், பிரப்பன்வலசை, காரங்காடு, அரிச்சல்முனை போன்ற சில இடங்களில் குவிகிறது. ஒவ்வோர் இடத்திலும் உதிர்வது வெவ்வேறு. அரிச்சல்முனையில் நான் முதலில் அஞ்சுவது டயர்ப் பொடிக்கு. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து முனை வரை ஏறத்தாழ 9.5 கிலோமீட்டர் சாலை, இருபுறமும் கடல். தார்ச்சாலையில் டயர் தேய்ந்து உதிரும் செயற்கை ரப்பர்த் துகளை மழை கழுவினால் அது போய்ச் சேர ஆண் கடல் (மன்னார் வளைகுடா) அல்லது பெண் கடல் (பாக் விரிகுடா) தவிர மூன்றாவது இடமே இல்லை. 2017இல் இந்தச் சாலை திறக்கப்படுவதற்கு முன்பு வேன்கள் மணலிலேயே ஓடின என்பதும் உண்மைதான். ஆனால் அன்று வந்த வண்டிகளின் எண்ணிக்கையும் 2017க்குப் பின் விடுமுறை நாள்களில் வரும் எண்ணிக்கையும் ஒன்றல்ல.

படகுத் துறைகளில் கயிறு முக்கியம். பிளிமத் பல்கலைக்கழகத்தாரே செய்த மற்றோர் ஆய்வில், ஓராண்டு பழகிய கயிற்றை ஒரு மீட்டர் இழுத்தால் 20 துகள் அளவுக்கும், பத்தாண்டு பழகிய கயிற்றை இழுத்தால் 760 வரையிலும் உதிர்ந்ததாகக் கண்டனர். பழசாகப் பழசாக உதிர்வது இத்தனை மடங்கு கூடுகிறது என்பதே கவனிக்க வேண்டியது. உங்கள் செம்மஞ்சள் பட்டைக்கும் இதே விதி பொருந்தும். வெயிலின் புறஊதாக் கதிர் நெகிழியின் சங்கிலியை முறித்து அதை நொறுங்கச் செய்கிறது. நீரில் மிதப்பதை விடச் சூடான மணலில் கிடக்கும்போது இது விரைவாக நடக்கும். ஆகவே நீங்கள் அலைக்கோட்டில் பொறுக்கிய ஒவ்வொரு புட்டியும் உறையும் பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான துகளாகாமல் தடுக்கப்பட்டவை. அந்தப் பணி வீண் என்று மாணவர்கள் எண்ண வேண்டாம்.

உதிர்ந்தவை எங்கே போகின்றன என்பதை அவற்றின் அடர்த்தி முடிவு செய்கிறது. பாலி எத்திலீன், பாலி புரோப்பிலீன் இரண்டும் நீரை விட இலேசானவை. மிதந்து காற்றடிக்கும் கரையில் ஒதுங்கும். பாலியெஸ்டர், நைலான், டயர்த் துகள் ஆகியவை கனமானவை. உதிர்ந்த இடத்துக்கு அருகிலேயே அடியில் படிந்துவிடும். நம் கரையில் அந்த அடி என்பது பல இடங்களில் கடற்புல் வெளி. நீரோட்டத்தைத் தணித்து வண்டலைப் பிடித்து வைப்பதே கடற்புல்லின் இயல்பு. அது நுண்நெகிழியையும் பிடித்து வைக்கும். கடற்பசு எனப்படும் ஆவுளியா மேய்வதும் அங்கேதான். பவளத்தைப் பற்றிச் சொல்வதானால், அது பிளாஸ்டிக் துணுக்கைத் தவறுதலாக மட்டும் விழுங்குவதில்லை, அதன் வேதிப்பொருள்களின் சுவையாலும் ஈர்க்கப்படுகிறது என்று அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வு 2017இல் கூறியது.

மறுமொழி: அலையாத்திக் காட்டுப் படகுக் குழு உறுப்பினர்

டீச்சருக்கும் தம்பிக்கும் வணக்கம். நான் இருபது ஆண்டு கடல் தொழில் செய்துவிட்டு, இப்போது அலையாத்திக் காட்டுக்குள் பயணிகளை அழைத்துச் செல்லும் குழுவில் இருக்கிறேன். தம்பி எழுதியதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் படகுத்துறைதான் குற்றவாளி என்று படிப்பவர்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடலில் கிடக்கும் பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரிந்த பெரும்பங்கு எங்கள் தொழிலிலிருந்து வருவதே. மெல்லிய நைலான் இழையாலான தங்கூசி வலை கடலடிப் பாறையான கல்லுப்பாரில் சிக்கினால் அறுத்துவிட்டு வருவதைத் தவிர வழியில்லை. மீன் பெட்டித் தெர்மாகோல் உடைந்தால் அதன் மணிகள் சோற்றுப் பருக்கைபோல் கரை முழுக்கச் சிதறுகின்றன. என் தகப்பனார் காலத்தில் பருத்தி நூல் வலையை மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்து உலர்த்துவார்கள், கயிறு தென்னங்கயிறு, மீன் எடுத்துப்போக ஓலைப் பெட்டி. நைலான் வந்தபோது அது எங்களுக்குப் பெரிய விடுதலையாக இருந்தது, ஏனென்றால் பருத்தி வலையை ஓயாமல் உலர்த்திக்கொண்டும் பொத்திக்கொண்டும் இருக்க வேண்டும். அந்தக் காலத்துக்குத் திரும்பச் சொன்னால் யாரும் திரும்ப மாட்டார்கள், நானும் மாட்டேன்.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வலை கிழிவது தொழில் நடக்கும் கடலில். பயணிகளை நாங்கள் அழைத்துப்போகும் ஓடைகளோ வலை போடாத இடங்கள். மீன்குஞ்சும் இறாலும் வளரட்டும் என்று நாங்களே விட்டுவைத்தவை. அங்கே பிளாஸ்டிக் இழை புதிதாகச் சேர்ந்தால், அலையும் ஓதமும் கொண்டுவந்ததுபோக மிச்சம் எங்கள் படகில் வந்ததாகத்தான் இருக்க வேண்டும். துடுப்பால் செலுத்தும் சிறு பிளாஸ்டிக் படகான கயாக்கின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தால் இது புரியும். அலையாத்தி வேரில் ஒட்டியிருக்கும் ஆளிச் சிப்பி கத்தி போன்றது. கரையேற்றும்போது ஒருவரே கயாக்கை இழுத்து வந்தால், சிப்பியிலும் சரளையிலும் உரசி, தேங்காய்த் துருவல்போல் சுருள் சுருளாகப் பிளாஸ்டிக் உரிந்து கிடக்கும். முன்பு அது எங்கள் கண்ணில் பட்டதே இல்லை. இப்போது இரண்டு பேர் தூக்கித்தான் வைக்க வேண்டும் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டிருக்கிறோம்; ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அது நடப்பதில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

அங்கியைப் பற்றி டீச்சர் சொன்னது மெத்தச் சரி. ஒவ்வொரு நடைக்குப் பிறகும் நனைந்த அங்கிகளைத் துறையில் வெயிலில் விரித்துவிடுவோம். அடுத்த நடைக்குள் காய வேண்டும் என்ற அவசரம். நிழலில் கொடி கட்டிக் காற்றாட விட்டால் காய நேரம் ஆகும், ஆனால் துணி நொறுங்காது. இதற்குத் தேவை கூடுதலாக ஒரு வரிசை அங்கி. ஓர் அங்கியின் விலையும் ஒரு நடையில் எங்களுக்கு மிஞ்சுவதும் தெரிந்தவர்களுக்கு, நாங்கள் ஏன் பழையதையே ஓட்டுகிறோம் என்று விளக்க வேண்டியதில்லை.

மறுமொழி: மதுரையிலிருந்து ஆண்டுதோறும் வரும் பயணி

ஒரு சிறு குறிப்பு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் ஒன்று. ஆயினும் சென்ற மாதம் கடற்கரைக் கடை ஒன்றில் எனக்குத் தேநீர் வந்தது அதில்தான். கடைக்காரர் அது வெறும் காகிதம் என்றே மனமார நம்பினார். 100 மில்லி சூடான நீரை அத்தகைய கோப்பையில் 15 நிமிடம் வைத்தால் 25,000 நுண்துகள் நீரில் கலக்கும் என்று காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் கண்டறிந்தனர். கடலுக்குப் போவதற்கு முன்பே நம் வயிற்றுக்குப் போய்விடுகிறது. அதே கரையில் ஓலைப் பட்டையில் பதநீர் ஊற்றித் தந்தவரிடம் இந்தச் சிக்கலே எழவில்லை. பட்டை மண்ணில் விழுந்தாலும் மண்ணாகத்தான் போகும்.

இராமேசுவரம் அக்னி தீர்த்தத்தில் நீராடியபின் உடுத்திய துணியைக் கடலிலேயே விட்டுச் செல்லும் வழக்கத்தையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். பாட்டி காலத்துப் பருத்திச் சேலையும் வேட்டியும் நீரில் மக்கிப் போயின. இன்று விடப்படுபவற்றில் பாலியெஸ்டர் எவ்வளவு என்று யாரேனும் பார்த்தால் நல்லது. நாங்கள் சென்றபோது என் மாமியாரிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை என்பது வேறு கதை.

மறுமொழி: கடலுயிரியல் ஆய்வு மாணவர், மண்டபம்

படகுக் குழு அண்ணன் கூறியது முக்கியமான திருத்தம். மொத்த எடையில் வலையும் தெர்மாகோலும் முந்தும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அவர் கூறிய வலை போடாத ஓடைகளே இந்தக் கேள்விக்கு ஏற்ற இடம். மொத்தத்தில் சிறிய பங்கானாலும், வேறு மூலங்கள் குறைந்த இடத்தில் அது தனியாகத் தெரியும். அளக்கவும் அங்கேதான் எளிது.

அளக்கும் முறையைச் சொல்கிறேன். ஒரே ஓடையில் அல்லது ஒரே கரையில், பயணிகள் இறங்கும் இடம் ஒன்று, இறங்காத இடம் ஒன்று என இரண்டைத் தேர்ந்துகொள்ளுங்கள். இரண்டும் ஒரே காற்றுக்கு முகம் காட்ட வேண்டும். ஐப்பசி முதல் தை வரை வாடைக் காற்று பாக் விரிகுடாக் கரையில் பொருள்களை ஒதுக்கும். தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாக் கரையில் ஒதுக்கும். வடகடல் (பாக் விரிகுடா) மணலையும் தென்கடல் (மன்னார் வளைகுடா) மணலையும் தை மாதத்தில் ஒப்பிட்டால் நீங்கள் அளப்பது பயணிகளை அல்ல, வாடையைத்தான். தீவுகளில் மாதிரி எடுக்க வனத்துறையின் அனுமதி வேண்டும் என்பதால் அந்த எண்ணமே வேண்டாம். காப்புக்காட்டு எல்லைக்குள் இருக்கும் ஓடைக்கும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அலைக்கோட்டின் மேல் 25 சென்டிமீட்டர் சதுரச் சட்டம் ஒன்றை வைத்து, 5 சென்டிமீட்டர் ஆழம் வரை மணலை எவர்சில்வர் கரண்டியால் எவர்சில்வர் வாளியில் எடுங்கள். ஏறத்தாழ 3 லிட்டர் வரும். ஒவ்வோர் இடத்திலும் குறைந்தது ஐந்து சட்டம் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். உலர்த்திச் சலித்து, நிறைவுற்ற உப்புக் கரைசலில் கலக்கி அசையாமல் விடுங்கள். ஒரு லிட்டர் நீருக்கு 360 கிராம் அளவு உப்பு கரையும். அப்போது அடர்த்தி 1.2 ஆகும். மணல் அடியில் தங்க, பாலி எத்திலீன், பாலி புரோப்பிலீன், நைலான் மேலே வரும். பாலியெஸ்டரின் அடர்த்தி 1.38 என்பதால் அது பெரும்பாலும் மணலோடு தங்கிவிடும்; உடையிலிருந்து உதிர்ந்ததை இந்த முறை குறைத்தே காட்டும் என்பதை அறிக்கையில் மாணவர்கள் எழுத வேண்டும். மேலே வந்ததை வடிதாளில் வடித்து, உருப்பெருக்கியின் கீழ் எண்ணலாம். ஐயமானதைச் சூடான ஊசியால் தொட்டால் நெகிழி உருகிச் சுருளும், பருத்தியும் பாசியும் கருகும். ஊசி உங்கள் கையில் இருக்கட்டும்.

உப்பை வாலிநோக்கம் உப்பளத்திலிருந்து மலிவாக வாங்கலாம் என்று நினைப்பீர்கள், வாங்கலாம். ஆனால் கடலுப்பிலேயே நுண்நெகிழி இருப்பது தூத்துக்குடி உப்பில் செய்த ஆய்வுகளிலும் தெரிந்ததே. ஆகவே கரைசலை முதலில் வடிதாளில் வடித்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். நான் முதல் ஆண்டில் இதைச் செய்யாமல் மூன்று மாத வேலையைத் தூக்கி எறிந்தவன். மணல் எடுக்கும்போதும் எண்ணும்போதும் பக்கத்தில் ஈரமான வடிதாள் ஒன்றைத் திறந்து வையுங்கள். காற்றிலிருந்தும் மாணவர்களின் உடையிலிருந்தும் அதில் விழும் இழைகளை எண்ணி, மாதிரியில் கிடைத்த எண்ணிக்கையிலிருந்து கழிக்க வேண்டும். பள்ளிச் சீருடையே பாலியெஸ்டர் கலந்த துணியாக இருக்கும் என்பதால், அன்றைக்குப் பருத்தி உடை அணியச் சொல்வது நல்லது. இயலாவிட்டால் சீருடையின் நிறத்தைக் குறித்துக்கொண்டு, அந்நிற இழைகளைத் தனியாக எண்ணுங்கள்.

பயணத்தில் மாற்றிக்கொள்ள வேண்டியவற்றுள் பெரியது அங்கியும் கயாக்கும்தான். அண்ணனே அதைச் சொல்லிவிட்டார். முக்குளித்துப் பார்க்கும் இடங்களில் துடுப்புக் காலணியால் அடியைக் கிளறாமல் இருக்கச் சொல்லுங்கள். படிந்த துகள் மீண்டும் நீரில் எழுந்தால் பவளமும் சிப்பியும் அதை உட்கொள்ள வாய்ப்பு கூடும். புதிதாக வாங்கிய செயற்கை இழை உடையை அன்றே முதன்முதலாக அணிந்து வர வேண்டாம். ஒரு வாகனத்தில் வரக்கூடியவர்கள் இரண்டில் வர வேண்டாம் என்பதும் அரிச்சல்முனைக்கு மெய்யாகவே பொருந்தும்.

மறுமொழி: பசுமைப் படை ஆசிரியை

இவ்வளவு விரிவாக எழுதிய மூவருக்கும் நன்றி. தை மாதப் பயணத்தில் கயாக் இறங்கும் துறையையும், அதே ஓடையில் படகு செல்லாத ஒரு வளைவையும் எடுத்துக்கொள்ள முடிவு செய்து, அனுமதி கேட்டு விண்ணப்பம் எழுதிவிட்டேன். ஒவ்வோர் இடத்துக்கும் ஐந்து சட்டம். எங்கள் சீருடை கருநீலம். வலை நூலும் நீலமாகவே இருப்பதால், அன்று வண்ண உடை நாள் என்று தலைமையாசிரியரிடம் கேட்டு, பருத்தி உடையில் வரச் சொல்லப் போகிறேன். தின்பண்டம் ஓலைக் கொட்டானில் கொண்டுவருவதாக மாணவி ஒருத்தியின் தாயார் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

படகுக் குழு அண்ணனிடம் ஒரு வேண்டுகோள். மணலில் கிடைக்கும் இழை அங்கியிலிருந்து வந்ததா என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க, பழைய அங்கிப் பட்டையில் ஒரு துண்டும், கயாக்கில் உரிந்த சுருள் கொஞ்சமும், துறையில் கட்டும் கயிற்றின் நுனியும் கிடைத்தால் கண்ணாடிப் புட்டிகளில் பெயர் எழுதி வைத்துக்கொள்வோம். உங்கள் குழுவைக் குறை கூற அல்ல என்பதை நீங்கள் அறிவீர்கள்.

மறுமொழி: அலையாத்திக் காட்டுப் படகுக் குழு உறுப்பினர்

அதில் குறை ஒன்றும் இல்லை டீச்சர். கழித்து ஒதுக்கிய அங்கி நான்கு கிடக்கிறது. இரண்டு செம்மஞ்சள், ஒன்று சிவப்பு, மற்றது என்ன நிறமாக இருந்தது என்று இப்போது சொல்ல முடியாது. சனிக்கிழமை ஓதம் வற்றும் நேரம் காலை பத்து மணி வாக்கில். அப்போது வந்தால் கயாக்கைக் கவிழ்த்து வைத்து, உங்கள் எதிரிலேயே சுரண்டித் தருகிறேன்.